அப்பா படத்தை நகர்த்திவிட்டேன்

அன்புள்ள செந்தில்,

நீ இதை எழுத்துக்கூட்டித்தான் படிக்கப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். ஜனக்புரி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்தாய், அப்புறம் இந்தி, இங்கிலீஷ் என்று போய்விட்டாய். நான் படித்ததும் ஐந்தாவதுதான். அதனால் தப்பு இருந்தால் இரண்டு பேரும் கண்டுகொள்ள வேண்டாம். போனிலேயே சொல்லலாமே என்பாய். உன் குரலைக் கேட்டால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதைத் தாண்டி எனக்கு வார்த்தை வரமாட்டேன் என்கிறது. அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். நாளைக்கு ஆபரேஷனுக்கு உன்னை உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் படித்துவிடு. இப்போது நம் வீட்டில் நெட் ஒழுங்காகப் போகிறது. அது எப்படி ஒழுங்கானது என்று நீ இன்னும் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

முதலில் எனக்கு ஏன் உன் முகம் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். குரல் கேட்கிறதே, அது போதாதா என்று நீ பல தடவை கேட்டாய். போதாது. உன் அப்பா அன்றைக்கு மெட்ரோ ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டுதான் என்னைக் கூப்பிட்டார். பேங்கிலிருந்து திரும்பி வருகிற நேரம். "ஒண்ணுமில்ல, கேஸ் மாதிரி நெஞ்ச அடைக்குது. கொஞ்சம் உக்காந்துட்டு வரேன். நீ சாப்பிடு" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எப்போதும் போலத்தான் இருந்தது. அவர் சொன்னாரே என்று நான் தட்டைப் போட்டுச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது அதே நம்பரிலிருந்து வேறு யாரோ ஒரு ஆள் இந்தியில் பேசினான். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், நீ விமானத்தில் வந்து இறங்கினாய். ஆஸ்பத்திரியில் நான் பார்க்கும்போது அவர் கண் பாதி திறந்து இருந்தது. அந்த மனிதரின் முகத்தை அந்த பெஞ்சில் ஒரு நொடி பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். முப்பது வருஷம் பார்த்த முகம். குரல் ஏமாற்றிவிடும் செந்தில். முகத்துக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது.

இப்போது உன் இதயத்திலும் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். நீ அயர்லாந்தில் இருக்கிறாய். எனக்கு பாஸ்போர்ட்டே கிடையாது. போட்டு, விசா வாங்கி வருவதற்குள் ஆபரேஷன் முடிந்துவிடும் என்றாய். ஆக எனக்கு இருக்கிற ஒரே வழி இந்த போன்தான். அந்த போனில் தினமும் என்ன நடந்தது? நீ 'மா' என்று ஆரம்பிப்பாய், வட்டம் சுற்றும். உன் முகம் கட்டம் கட்டமாக உடையும். அப்புறம் அப்படியே நின்றுவிடும். நிற்கும்போது எப்போது பார்த்தாலும் உன் கண் பாதி மூடிய மாதிரியே நிற்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இது மெஷின், படம் நின்றுபோனால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் தாங்காமல் போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டேன். அதற்குள்ளிருந்து உன் குரல், "மா, கேக்குதா, மா" என்று துண்டு துண்டாக வந்தது. அதை எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன். ரவுட்டரை அணைத்துவிட்டு, ஒரு காபி குடிக்கிற நேரம் விட்டு, மறுபடி போடச் சொன்னாய். போட்டேன். கொஞ்ச நேரம் நன்றாக இருக்கிற மாதிரி இருக்கும், திரும்ப வட்டம் சுற்றும். நம் நெட்டை வேறு யாரோ இழுக்கிறார்கள் என்றாய். அது உண்மையாகத்தான் இருக்கும். உன் அப்பா அந்த பாஸ்வேர்டைக் கேட்காதவர்களுக்கும் கொடுத்தவர். மாடியில் தங்கியிருக்கும் பையன்களுக்கு, பால்காரனுக்கு, மீட்டர் பார்க்க வந்த ஆளுக்குக்கூட. நீ லீவில் வந்தபோது அதற்காக அவரோடு சண்டை போட்டாய். "தண்ணி கேட்டா குடுக்க மாட்டியா" என்றார் அவர். "தண்ணியும் இதுவும் ஒண்ணாப்பா" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய். அந்த பாஸ்வேர்டை நீ சொல்லச் சொல்ல நான் ஒவ்வொரு எழுத்தாக மாற்றினேன். மறுநாள் மாடிப் பையன் வந்து "ஆன்ட்டிஜி, நெட் போயிடுச்சா" என்று கேட்டான். போயிடுச்சுப்பா என்று பொய் சொன்னேன். அப்பாவாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டார். பொய் சொல்லியும் உன் முகம் வரவில்லை.

கம்பெனிக்காரன் வந்தான். வெளியே வயரைப் பிடித்து ஒரு மெஷினை மாட்டிப் பார்த்து, லைன் நன்றாக இருக்கிறது, ரவுட்டர் டப்பாதான் பழசு, புதுசுக்கு எழுதிப் போடுகிறேன், அடுத்த வாரம் வரும் என்றான். அடுத்த வாரம் என்றதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. உன் ஆபரேஷன் அதற்கு முன்னால். வீட்டுக்குள் போன் டவர் எப்போதும் கிடைத்ததில்லை, உனக்கே தெரியும், தெருவுக்குப் போனால்தான் ஒரு கோடு வரும். எதிர்வீட்டு கம்லேஷ் தன் வீட்டுக்கு வந்து பேசு என்றாள். போனேன். அவள் மருமகள், பேரன், வேலைக்கு வருகிற பெண் எல்லோரும் என் தோளுக்குப் பின்னால் நின்று உனக்குக் கை காட்டினார்கள். நீ சிரித்துவிட்டு, நான் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் வைத்துவிட்டாய். அங்கே நீ என்ன சொல்லுவாய், நான் என்ன கேட்பேன்.

இதற்கு நடுவில் நீ ஒன்று சொன்னாய், அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. முதலில் அந்த வயரை அழுத்து, இந்த பட்டனை அழுத்து என்று ஓயாமல் சொல்லிக்கொடுத்தவன், டாக்டர் ஆபரேஷன் என்று சொன்ன பிறகு, "விடும்மா, அதப் போட்டு நோண்டாத. நெட் ஸ்லோ, நான் வீடியோவ ஆஃப் பண்ணிக்கறேன், பேசினா போதும்" என்று ஆரம்பித்தாய். கூப்பிட்டவுடனேயே அதைச் சொல்லிவிடுவாய். வட்டம் சுற்ற ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே.

முந்தாநாள் நீ பேசிக்கொண்டிருக்கும்போது குரலும் அறுந்தது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே, வயர் ஏதாவது கழன்றிருக்கிறதா என்று ஹாலில் இருக்கிற இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலே கையை விட்டேன். டப்பா அதற்குப் பின்னால்தானே தரையில் கிடக்கிறது. கை உள்ளே போனதும் உன் குரல் பக்கத்து ரூமிலிருந்து வருகிற மாதிரி வந்தது.

"மா, இப்ப சூப்பரா கேக்குது. எங்க இருக்க?"

"பீரோவுக்குப் பின்னாடி கைய விட்டிருக்கேன்டா."

"அங்க என்ன பண்ற?"

கையை வெளியே எடுத்தேன், அறுந்தது. உள்ளே விட்டேன், வந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இரும்பு பீரோதான் டப்பாவை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்று. புரிந்ததும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு முதுகில் சில்லென்றது.

ஏன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? அந்த டப்பா சுவரில் ஆள் உயரத்துக்கு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உன் அப்பா அடித்த ஆணி. பதினாறாம் நாள் காரியத்துக்கு விழுப்புரத்திலிருந்து பெரியப்பா வந்தபோது, செத்தவர் படத்தைத் தெற்குச் சுவரில்தான் வைக்க வேண்டும் என்றார். நம் ஹாலில் தெற்குச் சுவர் அதுதான். உள் ரூமில் இருந்த பீரோவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து அங்கே தள்ளி, அதன் மேல் படத்தை வைத்து, விளக்கேற்றி, மாலை போட்டோம். பீரோவுக்கு இடம் வேண்டுமே, டப்பாவை ஆணியிலிருந்து கழற்றிக் கீழே வைத்தது நீதான். பெரியப்பா சொன்னார், நீ செய்தாய், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு நம் இரண்டு பேருக்கும் நெட்டைப் பற்றி என்ன நினைப்பு இருந்திருக்கும். ஊருக்குக் கிளம்பும்போது பெரியப்பா என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார், வருஷம் திரும்புகிற வரைக்கும் படத்தை அந்த இடத்தைவிட்டு அசைக்கக் கூடாது, அசைத்தால் பிள்ளைக்கு ஆகாது என்று.

பிள்ளைக்கு ஆகாது. இந்த வார்த்தையைத்தான் முந்தாநாளிலிருந்து நான் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தேன். வருஷம் திரும்ப இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. டப்பாவை மட்டும் இழுத்துப் பார்த்தேன், அதன் வயர் பீரோவின் காலுக்கு அடியில் மாட்டியிருக்கிறது, படத்தை இறக்கி பீரோவை நகர்த்தாமல் வராது. படத்தை அசைத்தால் உனக்கு ஆகாது. அசைக்காவிட்டால் உன் முகத்தைப் பார்க்காமல் உன்னை ஆபரேஷனுக்கு அனுப்ப வேண்டும். இதில் எதை எடுப்பது என்று யாரிடம் கேட்பேன்? கேட்கிற ஆள் படத்தில் இருக்கிறார். தெருவுக்குப் போய் பெரியப்பாவுக்கே போன் பண்ணினேன். நெட், டப்பா என்று நான் சொன்னதை அவர் பாதிதான் வாங்கிக்கொண்டார். "பையன் கத்திக்குப் போற நேரத்துல ஏம்மா போயி வம்ப வெலைக்கு வாங்கற? ரெண்டு நாள் குரல மட்டும் கேளேன்" என்றார். அவரும் கெட்ட மனதோடு சொல்லவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவர், அவருக்கும் பயம். போனை வைத்துவிட்டு வந்து படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். நீ நம்ப மாட்டாய், எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. கேஸ் என்று சொன்னீர்களே, இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். படம் என்ன சொல்லும். பேங்க் அடையாள அட்டைக்கு எடுத்த படம், அதில் அவர் யாரையும் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நேற்றுக் காலையில் கம்லேஷ் பராட்டாவும் ஊறுகாயும் கொண்டுவந்தாள். நான் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று எப்படியோ தெரிந்துகொண்டிருக்கிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பீரோவுக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப நீ பீரோக்கு உள்ளாற உக்காந்து பேசு பெஹன்ஜி, ஏசி மட்டும்தான் இருக்காது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அழுகை வந்துவிட்டது. அப்புறம் உன் அப்பாவைப் பற்றி அவள் இந்தியிலேயே ஒன்று சொன்னாள், "பாயி சாப் உயிரோட இருந்து, பையன் முகம் தெரியலன்னா, அவர் என்ன பண்ணியிருப்பார்?" நீ காலேஜ் பரீட்சைக்குப் படிக்கும்போது நாற்காலியை நெட் வருகிற இடத்துக்கு இழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, தன் கட்டிலை பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போனவர். டெல்லி மே மாதத்து அனலில்.

எழுந்து விளக்கைக் குளிரவைத்தேன். குளித்துவிட்டு வந்து படத்தைத் தொட்டேன். தூக்கும்போது கண்ணாடி மேல் மாலை கரகர என்று உரசியது, அந்தச் சத்தத்துக்கே எனக்கு உயிர் போய் வந்தது. உன் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் தூக்கினேன். கம்லேஷ் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பீரோவை அப்படியே நகர்த்த முடியவில்லை, உள்ளே இருந்ததை எடுத்தோம். அப்பாவின் சட்டைகள் எல்லாம் மடித்தது மடித்தபடி. அதை எடுக்கும்போது நான் மூச்சை அடக்கிக்கொண்டேன், அந்த வாசனை வந்தால் வேலையை விட்டுவிடுவேன் என்று. இரண்டு கிழவிகளும் ஆளுக்கொரு பக்கம் முட்டுக் கொடுத்து, பழைய போர்வையைக் காலுக்கு அடியில் போட்டு, கிழக்குச் சுவருக்கு இழுத்துவிட்டோம். அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆணி அங்கேயே இருந்தது. டப்பாவில் தூசியைத் துடைத்து அதே ஆணியில் மாட்டினேன். அதற்கு நேர் கீழே ஸ்டூலைப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, படத்தை வைத்தேன். தெற்குச் சுவர்தான். அதைவிட்டு அவரை எங்கேயும் அனுப்பவில்லை. ஆனால் அசைத்துவிட்டேன் என்பது அசைத்துவிட்டேன்தான், அதில் நான் கணக்குப் பேசப்போவதில்லை. மறுபடி விளக்கேற்றினேன். அவர் தலைக்கு மேலே பச்சை பச்சையாக டப்பாவின் விளக்கு மின்னுகிறது.

சாயங்காலம் நீ கூப்பிட்டாய். கூப்பிட்டவுடனேயே, "நெட் ஸ்லோம்மா, வீடியோ ஆஃப் பண்ணிக்கறேன்" என்றாய். உன் விரல் திரைக்கு வருவதுகூட எனக்குத் தெரிந்தது. அவ்வளவு தெளிவு.

"இங்க நெட் நல்லா இருக்குடா. அணைக்காத."

நீ அணைக்கவில்லை. நான் பார்த்தேன். எத்தனை நாளுக்கு அப்புறம் பார்க்கிறேன். தாடி வளர்ந்து கிடக்கிறது. கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. கழுத்து எலும்பு தெரிகிறது. கட்டம் கட்டமாக வந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியவேயில்லை, நான் நின்றுபோன படத்தைப் பார்த்துத்தான் பயந்துகொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பேச்சு வராதபோது கீழுதடு ஒரு பக்கமாக இழுக்குமே, அதே மாதிரி உனக்கு இழுத்தது. இத்தனை நாள் இதைத்தான் என்னிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தாய் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாவம், டப்பாவும் கெட்டுப்போயிருந்தது, நீயும் அதன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயே சொன்னாய்.

"பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான்டா" என்றேன். ஒன்றும் ஆகாது, சாமி இருக்கிறது என்று ஒரு தாய் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. அதற்கு மன்னித்துக்கொள். ஆனால் அதற்கு அப்புறம் நாம் எவ்வளவு நேரம் பேசாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ மூக்கைத் துடைத்துக்கொண்டாய். நான் வெங்காயம் நறுக்கினேன். வட்டம் ஒரு தடவைகூடச் சுற்றவில்லை. நேற்று ராத்திரி நான் கொஞ்சம் தூங்கினேன். நீயும் தூங்கியிருப்பாய் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். படத்தை அசைத்ததை உன்னிடம் சொல்லாமல், எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது கேஸ் என்று சொன்ன மாதிரிதானே ஆகும். பெரியப்பா சொன்னது பலித்துவிடுமோ என்று எனக்கு இந்த நிமிஷமும் பயமாகத்தான் இருக்கிறது. நம்பிக்கையில்லாமல் நான் அதைச் செய்யவில்லை. பயந்துகொண்டேதான் செய்தேன். தப்பு என்றால் அது என் மேல்தான் வர வேண்டும், உன் மேல் அல்ல என்று உன் அப்பாவிடமே சொல்லி வைத்திருக்கிறேன். அவர் நம் வீட்டு நெட்டையே ஊருக்குக் கொடுத்தவர், தன் இடத்திலிருந்து இரண்டடி எனக்குக் கொடுக்க மாட்டாரா.

நீயும் எனக்குச் சிலது செய். வலித்தால் நர்ஸிடம் வலிக்கிறது என்று சொல். கேட்கிற வரைக்கும் காத்திருக்காதே, பல்லைக் கடித்துக்கொண்டு நல்ல பிள்ளை என்று பெயர் வாங்காதே. அப்பா அப்படித்தான் எல்லா இடத்திலும் நல்ல மனிதர் என்று பெயர் வாங்கினார். கூட வருகிற உன் சினேகிதனிடம் என் நம்பரைக் கொடு, அவனுக்குத் தமிழ் வராவிட்டாலும் இந்தியில் சொல்லச் சொல். நாளைக்கு ஒருவேளை நான் அழுதால் நீ போனை வைத்துவிடாதே, நீ அழுதால் நானும் வைக்க மாட்டேன். இனிமேல் உனக்கென்று ஒருத்தி வந்து, உன்னிடம் என்ன ஆச்சு என்று கேட்டாலும், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் தட்டைப் போட்டுச் சாப்பிட வைக்காதே. அந்தச் சோறு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

நாளை மத்தியானம் இங்கே, அங்கே உனக்குக் காலை. நான் ஸ்டூலுக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பேன். கம்லேஷைக்கூட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இடுப்பு வலியோடு வாசலில் உட்கார்ந்துகொள்கிறேன் என்கிறாள். மேலே விளக்கு பச்சையாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டிருப்பேன். உன்னைத் தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால் ஒரு தடவை கூப்பிடு. வீடியோவைப் போடு. எனக்காகச் சிரிக்க வேண்டாம், முகம் கழுவ வேண்டாம், தலை சீவ வேண்டாம். அப்போது எந்த முகம் இருக்கிறதோ அதைக் காட்டிவிட்டுப் போ.

உன் அம்மா